வக்கீல் எதுவரை போகலாம்? வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றன: கட்சிக்காரருக்காக ஒரு வழக்கறிஞர் எவ்வளவு தூரம் போகலாம்? சட்ட மாணவர்கள், புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள், வழக்கு நடத்திக்கொண்டிருப்பவர்கள் என்று பல தரப்பினரும் எழுதியிருக்கிறீர்கள். விதியின் எண்ணும் வாசகமும் நாட்டுக்கு நாடு மாறும். மாறுகிற இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம்.

கேள்வி: குற்றத்தைத் தன்னிடமே ஒப்புக்கொண்ட ஒருவருக்காக ஒரு வக்கீல் எந்த மனசாட்சியோடு வாதாடுகிறார்? – வாசகி ஒருவர்

பதில்: வாதாடலாம். ஆனால் அந்த ஒப்புதலைக் கேட்ட நிமிடத்திலிருந்து அவர் செய்யக்கூடியவை சுருங்கிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தச் சுருக்கம் தெரிவதில்லை.

குற்றவியல் நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியது, அரசுத் தரப்பு தன் குற்றச்சாட்டை நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்ததா என்பதை. அந்த நிரூபணத்தைத் தட்டிப் பார்க்க ஒருவர் வேண்டும். தட்டிப் பார்க்க ஆளில்லாத நீதிமன்றத்தில் நிரபராதிக்கும் பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் இந்திய பார் கவுன்சிலின் தொழில் நடத்தை விதிகளில் 15-ஆவது விதி, குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றி வழக்கறிஞரின் சொந்த அபிப்பிராயம் எதுவானாலும் அவருக்காக வாதாட வேண்டும் என்கிறது. கட்சிக்காரரின் நலனை நியாயமான, கண்ணியமான வழிகளில் அச்சமின்றிக் காக்க வேண்டும் என்று சொல்வதும் அதே விதிதான். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் படிப்பவர்கள்தான் தடம் மாறுகிறார்கள்.

ஒப்புதலுக்குப் பிறகும் செய்யக்கூடியவை உண்டு. சாட்சிகளை வைத்துப் போலீஸ் எழுதும் மகஜரில் நேரம் பொருந்தவில்லை, அடையாள அணிவகுப்பு மிகத் தாமதமாக நடந்தது, மருத்துவச் சான்றும் நேரில் கண்ட சாட்சியும் முரண்படுகின்றன, வாக்குமூலம் மிரட்டி வாங்கப்பட்டது – இவை உண்மையாக இருந்தால் எல்லாவற்றையும் எடுத்து வைக்கலாம். நடந்தது கொலைக்கான பிரிவின் கீழ் வராது என்று சட்ட வாதம் செய்யலாம். செய்யக் கூடாதது: அன்று அவர் வேறு ஊரில் இருந்தார் என்று சாட்சி கொண்டுவருவது, இன்னொருவர் செய்திருப்பார் என்று கைகாட்டுவது. இங்கிலாந்து பாரிஸ்டர்களுக்கும் இதே கோடுதான். அரசுத் தரப்பின் ஆதாரத்தைச் சோதிக்கலாம், ஒப்புதலுக்கு முரணான ஒரு கதையைத் தாமாக நிறுத்தக் கூடாது. ‘குற்றம் நிரூபிக்கப்படவில்லை’ என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ‘இவர் நிரபராதி என்று எனக்குத் தெரியும்’ என்று சொல்ல உரிமை இல்லை. ஒப்புதல் இல்லாத வழக்கிலும் சொந்த நம்பிக்கையைச் சாட்சியம்போல வைக்கக் கூடாது.

இதற்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. 1840-இல் லண்டனில் லார்ட் வில்லியம் ரஸ்ஸல் கொல்லப்பட்டார். அவருடைய பணியாளர் கூர்வாசியே, விசாரணை பாதி நடந்தபோது தன் வழக்கறிஞர் சார்லஸ் ஃபிலிப்ஸிடம் கொலையை ஒப்புக்கொண்டு, வழக்கைத் தொடர்ந்து நடத்தும்படியும் சொன்னார். தடுமாறிய ஃபிலிப்ஸ், அதே விசாரணையில் அமர்ந்திருந்த நீதிபதி பார்க்கிடம் போய் யோசனை கேட்டார். தொடருங்கள், ஆதாரத்திலிருந்து எழும் நியாயமான வாதங்களை எல்லாம் வையுங்கள் என்பது அவருக்குக் கிடைத்த பதில். அந்தப் பதில் சரி. கேட்ட இடம்தான் பெருந்தவறு: கட்சிக்காரரின் ரகசியம் தீர்ப்பு சொல்லும் மேடைக்கே போய்விட்டது. இறுதி வாதத்தில் வீட்டு வேலைக்காரப் பெண்மீதும் போலீஸ்காரர்கள்மீதும் சந்தேகம் விழும்படி பேசினார் என்ற கண்டனமும் எழுந்தது. கூர்வாசியே தூக்கிலிடப்பட்டார். ஃபிலிப்ஸுக்கு அந்தக் கண்டனம் கடைசிவரை நீங்கவில்லை. உண்மை தெரிந்த பிறகு ஓர் அப்பாவிமீது சந்தேகத்தைத் திருப்புவது இன்றைக்கும் தாண்டக் கூடாத கோடு.

கேள்வி: தொழிலுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கட்சிக்காரர் கூண்டில் ஏறிப் பொய் சொல்லப்போகிறார் என்று தெரிந்தால் நான் வரிசையாக என்ன செய்ய வேண்டும்? – இளம் வழக்கறிஞர்

பதில்: உங்களுக்கு இருப்பது சந்தேகமா, தெளிவான அறிவா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கதை மாறிவிட்டது என்பதாலேயே புதுக் கதை பொய்யாகிவிடாது. பயத்தில் முதலில் மறைத்துவிட்டுப் பிறகு உண்மை சொல்பவர்கள் உண்டு. கைப்பேசி அழைப்புப் பதிவு, வங்கிக் கணக்கு, கேமரா பதிவு என்று கையில் இருப்பவற்றோடு ஒப்பிட்டு, ‘போன மாதம் இப்படிச் சொன்னீர்கள், இன்று ஏன் மாறியது?’ என்று நேராகக் கேளுங்கள். சந்தேகம் மட்டும் மிஞ்சினால் தீர்மானிக்க வேண்டியவர் நீதிபதி. அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். குற்றவியல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் சாட்சியத்தைச் சந்தேகத்தை வைத்து மட்டும் தடுக்கக் கூடாது என்று, அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் வகுத்த மாதிரி விதிகளின் 3.3-ஆம் விதி தனியாகவே சொல்கிறது.

பொய் என்று உறுதியானால் அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். உறவினர்கள் உடன் இருந்தால் அவர் அவர்களுக்காக நடிப்பார். பொய்ச்சாட்சி தனிக் குற்றம், குறுக்கு விசாரணையில் அது உடைந்தால் அவர் சொன்ன உண்மைகளும் சேர்ந்தே மதிப்பிழக்கும், தண்டனை கூடவும் வழியுண்டு என்று சொல்லுங்கள். ‘இந்தக் கேள்வியை நான் கேட்க மாட்டேன்’ என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் இங்கேயே இறங்கி வருவார்கள். பேசிய தேதியையும் சாரத்தையும் ஃபைலில் குறித்துவையுங்கள். பின்னால் உங்கள்மீதே புகார் வந்தால் கைகொடுப்பது அந்தக் குறிப்புதான்.

அவர் மசியவில்லை என்றால் விலகுவதுதான் வழி. கட்சிக்காரரை முறைகேடான வழிகளிலிருந்து தடுக்க வேண்டும், விடாப்பிடியாக நின்றால் அவருக்காக ஆஜராக மறுக்க வேண்டும் என்று பார் கவுன்சிலின் 4-ஆவது விதியே சொல்கிறது. கட்சிக்காரரின் வெறும் ஊதுகுழலாக வழக்கறிஞர் இருக்கக் கூடாது என்பதும் அதே விதியில்தான். விலகும்போது நீதிமன்றத்தில் காரணத்தை விவரிக்காதீர்கள். ‘தொழில்முறைக் காரணங்களால்’ என்பது போதும். விசாரணைக்கு முந்தைய நாள்வரை இந்தப் பேச்சைத் தள்ளிப்போடுவதுதான் பலரும் செய்யும் பிழை. அன்றைக்கு விலகினால் அவருக்கு வேறு ஆள் கிடைக்காது, நீதிமன்றமும் அனுமதிக்கத் தயங்கும்.

பொய் ஏற்கெனவே பதிவாகிவிட்டால் நாடுகள் பிரிகின்றன. திருத்தச் சொல்லிக் கட்சிக்காரரை வற்புறுத்துவது எல்லா இடத்திலும் முதல் படி. அவர் மறுத்தால் இங்கிலாந்தில் ரகசியத்தைக் காத்துக்கொண்டு விலக வேண்டும். அமெரிக்காவின் 3.3-ஆம் விதியோ, வேறு வழியே இல்லாதபோது நீதிமன்றத்திடம் வெளியிடவும் சொல்கிறது.

1986-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த நிக்ஸ் எதிர் வைட்சைட் வழக்கை முழுதாகப் படியுங்கள். கத்தியால் குத்தியவர் தற்காப்பு என்றார். எதிரியின் கையில் துப்பாக்கியைப் பார்க்கவில்லை என்று முதலிலிருந்து சொல்லிவந்தவர், விசாரணை நெருங்கியதும் ‘ஏதோ உலோகமாகப் பார்த்தேன்’ என்று சொல்லப்போவதாகச் சொன்னார். அப்படிச் சொன்னால் நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பேன், விலகவும் செய்வேன் என்று வழக்கறிஞர் கண்டிப்பாகச் சொல்ல, அவர் உண்மையையே சொன்னார், தண்டிக்கப்பட்டார். பிறகு, வழக்கறிஞரின் துணை பெறும் தன் உரிமை பறிபோனது என்று முறையிட்டார். பொய் சொல்வதற்கு வக்கீலின் துணையைக் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை என்று நீதிமன்றம் ஒருமனதாக அந்த முறையீட்டை நிராகரித்தது. தற்காப்புக்குத் துப்பாக்கி இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, இருப்பதாக நியாயமாக நம்பினால் போதும் என்று அந்த வழக்கறிஞர் விளக்கியிருந்தார். கட்சிக்காரர் சொல்ல நினைக்கும் பொய் பல நேரம் வழக்குக்குத் தேவையே இல்லாதது. அதை அவருக்குப் புரியவைப்பதுதான் நல்ல வக்கீலின் வேலை.

இந்தியாவில் குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிமன்றம் கேட்டுப் பதிவுசெய்யும் விளக்கம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணால் 313 என்று நாம் பழகிய அது, சத்தியப் பிரமாணம் இல்லாதது. அதனால் இங்கே பொய் அதிகம் நுழையும் வாசல் சிவில் வழக்கின் அபிடவிட், அதாவது சத்தியம் செய்து எழுத்தில் தரும் வாக்குமூலம். முதன்மை விசாரணையே அபிடவிட்டாகத் தாக்கலாகிறது. அதில் இருக்கும் சொற்கள் உங்கள் அலுவலகத்தில் தட்டச்சானவை. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிவைக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். பத்தி பத்தியாக அவருடைய மொழியில் படித்துக்காட்டுங்கள். நேரில் தெரிந்தது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். ‘எல்லாம் வக்கீல் எழுதியது, எனக்குத் தெரியாது’ என்று கூண்டில் ஒருவர் சொன்னால், அதற்கு அந்த வெற்றுத்தாள் கையெழுத்துதான் காரணமாக இருக்கும்.

கேள்வி: சாட்சி உண்மைதான் சொல்கிறார் என்று வக்கீலுக்குத் தெரியும். அவரைக் குறுக்கு விசாரணையில் பொய்யராக்கலாமா? – சட்டக் கல்லூரி மாணவர்

பதில்: உண்மையான சாட்சியும் தவறாகப் பார்க்கலாம், தவறாக நினைவில் வைக்கலாம். இருட்டு, தூரம், கண்ணாடி அணியாதது, இடையில் ஓடிய மாதங்கள் – இவற்றைக் கேட்பது சோதனை. அது எப்போதும் அனுமதிக்கப்பட்டது. சாட்சி சரியாகவே பார்த்தார் என்பது கட்சிக்காரர் வாயாலேயே தெரிந்திருக்கும்போது, ‘நீங்கள் பணம் வாங்கிக்கொண்டு பொய் சொல்கிறீர்கள் என்று சொன்னால் சரிதானே?’ என்று கேட்பது வேறு. ‘என்று சொன்னால் சரியல்ல’ என்று சாட்சி மறுத்துவிட்டுப் போவார். கேட்டவரோ தான் பொய்யென்று அறிந்த ஒன்றை நீதிமன்றத்தின் முன் வைத்திருப்பார்.

ஒருவரின் நடத்தையைத் தாக்கும் கேள்விக்கு நியாயமான அடிப்படை வேண்டும் என்று 1872-இன் இந்தியச் சாட்சியச் சட்டத்திலிருந்தே சட்டம் சொல்லிவருகிறது. அடிப்படை இல்லாமல் கேட்ட வழக்கறிஞரைப் பற்றி நீதிபதி உயர் நீதிமன்றத்துக்கு எழுதலாம். எனவே கேட்பதற்கு முன் அடிப்படையை ஃபைலில் கைவைத்துக் காட்ட முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்சிக்காரரின் கோபம் அடிப்படை ஆகாது. பாலியல் வன்முறை வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் பழைய வாழ்க்கையைத் தோண்டும் கேள்விகளைப் பல நாடுகளின் சட்டம் வெளிப்படையாகவே தடுத்திருக்கிறது. தடுக்காத இடத்திலும் கேட்காதீர்கள். அந்தப் பெண் நீதிமன்றத்துக்கு வந்ததையே தண்டனையாக மாற்றும் கேள்வி அது.

கேள்வி: பொய் சொல்லக் கூடாது, சரி. பேசாமல் இருக்கலாம் அல்லவா? – இன்னொரு மாணவர்

பதில்: பெரும்பாலும் இருக்கலாம். எதிர்த்தரப்பின் வேலையைச் செய்துதர நீங்கள் கடமைப்பட்டவர் அல்ல. கட்சிக்காரருக்குப் பழைய தண்டனை இருந்து, அரசுத் தரப்பு அதைக் கவனிக்கத் தவறினால், இங்கிலாந்தின் விதிப்படி வழக்கறிஞர் அதை எழுந்து சொல்ல வேண்டியதில்லை. ‘இவர் மேல் இதுவரை ஒரு குற்றமும் கிடையாது’ என்று அவர் வாயைத் திறந்தால் கதை வேறு.

மௌனமே பொய்யாக மாறும் இடமும் உண்டு. மீக் எதிர் ஃபிளெமிங், இங்கிலாந்து, 1961. பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர், போலீஸ் தலைமை இன்ஸ்பெக்டர் தன்னைத் தாக்கினார் என்று வழக்குப் போட்டார். விசாரணை வருவதற்குள் அந்த அதிகாரி, வேறொரு வழக்கில் நீதிமன்றத்தை ஏமாற்றியதில் பங்கு இருந்ததற்காக சார்ஜென்ட்டாகப் பதவி இறக்கப்பட்டிருந்தார். யாரை நம்புவது என்பதே வழக்கு. பதவி இறக்கத்தை மறைப்பது என்று அவருடைய வழக்கறிஞர் முடிவெடுத்தார். அதிகாரி சீருடை இல்லாமல் வந்தார். நீதிபதியும் எதிர்த்தரப்பும் அவரைத் தலைமை இன்ஸ்பெக்டர் என்றே அழைத்தார்கள், யாரும் திருத்தவில்லை. ஜூரி அவரை நம்பியது. உண்மை வெளிவந்ததும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. ஒரு தகவலைச் சொல்லாமல் விடுவது ஒன்று. எல்லோரும் ஒரு தவறான எண்ணத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்து, அந்த எண்ணம் கலையாதபடி மேடையை அமைப்பது இன்னொன்று.

முன்தீர்ப்புகளில் மௌனத்துக்கு இடமே இல்லை. உங்கள் வாதத்துக்கு நேர் எதிராக, அந்த நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு ஒன்று இருந்து, எதிர்த்தரப்பு அதைச் சொல்லவில்லை என்றால் நீங்கள் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ரோண்டல் எதிர் வோர்ஸ்லி வழக்கில் லார்ட் ரீடு இதை வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குப் பட்ட கடமைகளில் ஒன்றாகச் சொன்னார். சாட்சியம் கட்சிக்காரருடையது, சட்டம் எல்லோருடையது. நடைமுறையிலும் இதில் நட்டமில்லை. எதிரான தீர்ப்பை நீங்களே எடுத்துக்காட்டி, இந்த வழக்கின் சங்கதிகள் எப்படி வேறுபடுகின்றன என்று பிரித்துக்காட்டினால் வாதம் நிற்கும். நீதிபதியே அதைக் கண்டுபிடித்து உங்களைக் கேட்டால் நீங்கள் சொன்ன மற்ற தீர்ப்புகளும் ஆட்டம் காணும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு எழுதித்தந்த மனுவில் இருந்த முன்தீர்ப்பு போலி என்று தெரியாமல் தாக்கல் செய்தால்? – இளம் வழக்கறிஞர்

பதில்: கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. 2023-இல் நியூயார்க்கில் அவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. எதிர்த்தரப்பு ‘இந்தத் தீர்ப்புகளே கிடைக்கவில்லை’ என்று சொன்ன பிறகும் பின்வாங்காததுதான் நிலைமையைக் கெடுத்தது. தாக்கல் செய்யும் முன் ஒவ்வொரு தீர்ப்பையும் மூலத்தில் திறந்து, நீங்கள் சொல்லும் வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தவறு நடந்துவிட்டால் அன்றே மெமோ போட்டுத் திரும்பப் பெறுங்கள்.

கேள்வி: கட்சிக்காரர் ஒரு பையை மேசைமேல் வைத்து, ‘இதைப் பத்திரமாக வையுங்கள்’ என்கிறார். உள்ளே கத்தி. என்ன செய்வது? – பெயர் சொல்ல விரும்பாத வழக்கறிஞர்

பதில்: வாங்காதீர்கள். ‘எங்கேயாவது போடுங்கள்’ என்றும் சொல்லாதீர்கள். அது ஆதாரத்தை அழிக்கத் தூண்டுவது. வழக்கறிஞரின் அலுவலகம் ஆதாரத்தை ஒளித்துவைக்கும் கிடங்கு அல்ல.

சொல்லும் பொருளும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. கட்சிக்காரர் சொன்ன சொல்லுக்குப் பாதுகாப்பு உண்டு, இரும்புக் கத்திக்கு இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஓல்வெல் வழக்கில் (1964) நீதிமன்றம் இதை இப்படிப் பிரித்தது: வழக்கறிஞர் தன் சொந்தப் பரிசோதனைக்கு நியாயமான காலம் கத்தியை வைத்திருக்கலாம், பிறகு அரசுத் தரப்பிடம் ஒப்படைக்க வேண்டும். அது யாரிடமிருந்து வந்தது என்பதை ஜூரியின் முன் அரசுத் தரப்பு சொல்லக் கூடாது. கலிபோர்னியாவின் மெரிடித் வழக்கு (1981) இன்னும் நுட்பமானது. கொலையுண்டவரின் பணப்பை ஒரு குப்பைத் தொட்டியில் கிடப்பதாகக் கட்சிக்காரர் சொன்னார், வழக்கறிஞர் ஆளனுப்பி எடுத்துவிட்டார். பார்த்துவிட்டு வந்திருந்தால் எல்லாமே ரகசியம். எடுத்ததால், போலீஸ் தானாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு போய்விட்டது. அதனால் அது கிடந்த இடத்தையும் வெளியிட வேண்டியதாயிற்று. பார்க்கலாம், நகர்த்தாதீர்கள் என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வேலைமுறை. கைப்பேசியில் உள்ள செய்திகளுக்கும் இதே கணக்கு. வழக்கு வரும் என்று தெரிந்த பிறகு ‘பழைய சாட் செய்திகளை அழித்துவிடுங்கள்’ என்று ஆலோசனை சொல்வது கத்தியைக் கிணற்றில் போடச் சொல்வதற்குச் சமம்.

இந்தியாவில் 1872 சட்டத்தின் 126-ஆவது பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132-ஆவது பிரிவு, கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதைக் காக்கிறது. சட்டவிரோத நோக்கத்தை நிறைவேற்றுவதற்காகச் சொன்னதற்கு அந்தக் காப்பு இல்லை. வக்கீலை அமர்த்திய பிறகு ஒரு குற்றமோ மோசடியோ நடந்ததை அவர் கண்டால் அதற்கும் இல்லை. நேற்று செய்ததைச் சொல்பவருக்குப் பாதுகாப்பு, நாளை செய்யப்போவதற்கு வழி கேட்பவருக்கு இல்லை.

கேள்வி: ரகசியம் காப்பதால் ஒரு உயிருக்கே ஆபத்து என்றால்? – வாசகர்

பதில்: தொழிலில் இதைவிட வலி மிகுந்த கேள்வி கிடையாது. இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1973-இல் நியூயார்க் மாநிலத்தில் ராபர்ட் காரோ என்பவர் ஒரு கொலைக்காகப் பிடிபட்டார். வேறு இரண்டு பெண்களையும் கொன்றதைத் தன் வழக்கறிஞர்கள் இருவரிடம் சொன்னார். அவர்கள் போய் உடல்களைக் கண்டார்கள், வெளியே சொல்லவில்லை. மகளைத் தேடி வந்த ஒரு தந்தையிடமும் சொல்லவில்லை. 1974-இல் காரோ கூண்டில் சொன்ன பிறகு ஊரே அவர்கள்மேல் பாய்ந்தது. ஒருவர்மீது வழக்கும் போடப்பட்டது, தள்ளுபடியும் ஆனது. அந்தத் தந்தையின் முகத்தை நினைத்தால் மனம் ஆறாது. ஆனாலும் அவர்கள் செய்தது விதிப்படி சரி. அந்தப் பெண்கள் இறந்துவிட்டிருந்தார்கள், சொல்வதால் காப்பாற்றக்கூடிய உயிர் இல்லை. சொல்லியிருந்தால், நம்பிப் பேசிய கட்சிக்காரரின் வாக்கே அவருக்கு எதிரான ஆதாரத்துக்கு வழிகாட்டியிருக்கும்.

மற்றது மின்னசோட்டாவின் ஸ்பால்டிங் வழக்கு. 1956-இல் நடந்த கார் விபத்தில் காயம்பட்ட ஓர் இளைஞர் இழப்பீடு கேட்டார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் தங்கள் மருத்துவரைக் கொண்டு அவரைப் பரிசோதித்தபோது, இதயத்திலிருந்து வரும் பெருந்தமனியில் வீக்கம் இருப்பது தெரிந்தது. எந்த நேரமும் வெடித்து உயிர் போகலாம். இளைஞரின் சொந்த மருத்துவர் அதைக் கண்டுபிடித்திருக்கவில்லை. எதிர்த்தரப்பு வாய் திறக்காமல் 6,500 டாலருக்குச் சமரசம் முடித்தது. 1959-இல் வேறொரு பரிசோதனையில் தற்செயலாகத் தெரிந்து அவர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 1962-இல் மாநில உச்ச நீதிமன்றம், அவர் மைனர் என்பதாலும் சமரசத்துக்கு நீதிமன்றத்தின் ஒப்புதல் வாங்கும்போது இது மறைக்கப்பட்டதாலும், சமரசத்தை ரத்துசெய்தது சரி என்றது. அன்றைய விதிகள் வெளியிடக் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் அது ஒப்புக்கொண்டது.

இன்று அமெரிக்க மாதிரி விதி 1.6, மரணத்தையோ கடும் உடற்காயத்தையோ தடுக்க வெளியிடலாம் என்று அனுமதிக்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை. எங்கள் கருத்தில் அந்த வழக்கறிஞர்கள் செய்ய வேண்டியிருந்த முதல் காரியம் எளிமையானது: தங்கள் கட்சிக்காரரிடம் ‘அந்தப் பையன் இறந்துவிடுவான், சொல்லட்டுமா?’ என்று கேட்பது. காரை ஓட்டியவர்கள் அவனுக்குத் தெரிந்தவர்கள். ரகசியம் கட்சிக்காரருடைய சொத்து. வெளியிட அவர் சம்மதித்தால் விதியில் சிக்கலே இல்லை. ‘அவர் சம்மதிக்க மாட்டார்’ என்று வக்கீல் தாமாகவே நினைத்துக்கொண்டு கேட்காமல் விடுவதுதான் இப்படிப்பட்ட வழக்குகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு.

கேள்வி: சாட்சியைத் தயார்ப்படுத்துவது தவறா? – வாசகர்

பதில்: நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் சாட்சியை உட்காரவைத்து ஒத்திகை பார்ப்பது வழக்கமான வேலை. இங்கிலாந்தில் 2005-இன் மொமொடு தீர்ப்புக்குப் பிறகு குற்றவியல் வழக்கில் பயிற்சி கொடுப்பதற்குத் தடை, நீதிமன்றத்தைப் பழக்கப்படுத்துவதற்கு மட்டும் அனுமதி. எங்கேயும் பொருந்தும் அளவுகோல் ஒன்றுண்டு: அவருடைய பழைய வாக்குமூலத்தைப் படிக்கக் கொடுக்கலாம், நீதிபதி எங்கே அமர்வார் என்று காட்டலாம், கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள் எனலாம். ‘மணி ஏழு என்று சொன்னால் நல்லது’ என்ற ஒரு வாக்கியத்தோடு எல்லை தாண்டியாகிவிட்டது. இரண்டு சாட்சிகளைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசாதீர்கள். இருவரும் ஒரே சொற்களில் சாட்சி சொல்வதை அனுபவமுள்ள நீதிபதி உடனே கண்டுகொள்வார்.

கேள்வி: எதிர்க்கட்சிக்காரரின் வக்கீல் போனையே எடுப்பதில்லை. நேராக அந்தக் கட்சிக்காரரிடம் சமரசம் பேசலாமா? – இளம் வழக்கறிஞர்

பதில்: கூடாது. அவருக்கு வழக்கறிஞர் இருக்கும்வரை அவர் வழியாகத்தான் பேச வேண்டும்; பார் கவுன்சிலின் 34-ஆவது விதி. கடிதம் எழுதுங்கள், பதில் இல்லையென்றால் நீதிமன்றத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: எதிர்த்தரப்பு வக்கீல் தன் கட்சிக்காரருக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் தவறி எனக்கு வந்துவிட்டது. – இளம் வழக்கறிஞர்

பதில்: தவறி வந்தது என்று தெரிந்ததும் படிப்பதை நிறுத்தி, அனுப்பியவருக்கு உடனே தெரிவியுங்கள். அமெரிக்க மாதிரி விதி 4.4 தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது. கட்சிக்காரருக்கு அதை அனுப்பிவிட்டுப் பிறகு யோசிப்பது மீள முடியாத பிழை.

கேள்வி: எதிராளியை அலையவிட வாய்தாமேல் வாய்தா வாங்கச் சொன்னேன். என் வக்கீல் மறுக்கிறார். பணம் கொடுப்பது நான்தானே? – வழக்கு நடத்தும் ஒருவர்

பதில்: எதை நோக்கிப் போவது, சமரசத்துக்குச் சம்மதிப்பதா என்பவை உங்கள் முடிவுகள். தாமதத்துக்காகவே தாமதம் என்பதை நீங்கள் கட்டளையிட முடியாது. அவர் மறுப்பது உங்களுக்கும் நல்லது. காரணமில்லாத வாய்தாவுக்கு நீதிமன்றம் செலவுத்தொகை விதித்தால் கட்டப்போவது நீங்கள். ‘கிரிமினல் கேஸ் போட்டு உள்ளே தள்ளுவேன்’ என்று வக்கீல் நோட்டீஸில் எழுதி மிரட்டிப் பணம் கேட்கச் சொல்வதும் இந்த வகைதான். பல இடங்களில் அது மிரட்டிப் பறிக்கும் குற்றமாகவே ஆகும்.

கேள்வி: கட்சிக்காரரைத் தவிர வேறு யாரையும் வக்கீல் நினைக்கக் கூடாது என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னதாக வகுப்பில் படித்தோம். அது இன்றும் செல்லுமா? – சட்டக் கல்லூரி மாணவி

பதில்: ஹென்றி புரூம், 1820. அரசி கரோலினுக்காகப் பிரபுக்கள் சபையில் பேசியது. கட்சிக்காரரைக் காக்கும்போது மற்றவர்களுக்கு வரும் கேட்டையும் நாட்டுக்கு வரும் குழப்பத்தையும்கூட வக்கீல் பொருட்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். அந்த மேடையை நினைவில் வையுங்கள். எதிரே நின்றது அரசியின் கணவரான அரசர் நான்காம் ஜார்ஜ். அவருடைய ரகசியத் திருமணத்தை வெளியிடவும் தயங்க மாட்டோம் என்ற எச்சரிக்கை அந்தப் பேச்சுக்குள் இருந்தது. அரச அதிகாரம் முழுவதும் ஒருவரை நசுக்க வரும்போது பிறந்த சொல் அது. ஒரு பெரிய நிறுவனம் ஒரு கூலித் தொழிலாளியை எதிர்க்கும்போது அதே சொல்லைக் கையில் எடுப்பது பொருந்தாது என்பது எங்கள் கருத்து.

சட்டமும் அங்கிருந்து விலகியே வந்திருக்கிறது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் 1908 நெறிகள் கட்சிக்காரருக்காகக் கதகதப்பான ஆர்வத்தைக் கேட்டன. 1969 நெறித்தொகுப்பு சட்டத்தின் வரம்புக்குள் தீவிரம் என்றது. 1983 மாதிரி விதிகளில் ‘தீவிரம்’ விதியின் வாசகத்திலிருந்து போய், முன்னுரையிலும் விளக்கக் குறிப்பிலும் மட்டும் நின்றது. விதி கேட்பது ஊக்கமும் உடனடித் தன்மையும். இதில் ஒரு பயனுள்ள செய்தி இருக்கிறது: கட்சிக்காரர்கள் வக்கீலால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் சோம்பலால்தான். கெடு தவறுவது, ஃபைலைப் படிக்காமல் வருவது, போனுக்குப் பதில் சொல்லாதது இவற்றுக்கெல்லாம் அந்த விதியில் பெயர் உண்டு.

கேள்வி: ஊரே வெறுக்கும் ஒருவரின் வழக்கை எங்கள் சங்கத்தில் யாரும் எடுக்கக் கூடாது என்று தீர்மானம் போடலாமா? – வழக்கறிஞர் ஒருவர்

பதில்: அப்படிப்பட்ட தீர்மானம் செல்லாது. கோயம்புத்தூரில் எழுந்த ஒரு வழக்கில், ஏ.எஸ். முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு, 2010 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. குறிப்பிட்ட ஒருவருக்காக ஆஜராக மாட்டோம் என்ற சங்கத் தீர்மானங்கள் சட்டத்துக்கும் தொழில் நெறிக்கும் எதிரானவை, பயனற்றவை என்றது. தனிப்பட்ட வழக்கறிஞர் சிறப்புக் காரணத்துக்காக ஒரு வழக்கை மறுக்கலாம் என்று பார் கவுன்சிலின் 11-ஆவது விதியே இடம் தருகிறது. எதிர்த்தரப்புக்கு முன்பு ஆஜரானவர், தானே சாட்சியாக வேண்டியவர் மறுத்தே ஆக வேண்டும். ஊர் கோபமாக இருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

கேள்வி: பொய் அபிடவிட்டில் கையெழுத்துப் போடச் சொன்ன என் வக்கீலை மாற்ற விரும்புகிறேன். பாக்கி பீஸ் கொடுத்தால்தான் ஃபைல் தருவேன் என்கிறார். – வழக்கு நடத்தும் ஒருவர்

பதில்: தந்தாக வேண்டும். பீஸ் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. பாக்கியைக் கேட்க அவருக்குச் சட்டப்படி வேறு வழி உண்டு. முதலில் ஃபைல் வேண்டும் என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். வக்காலத்தை மாற்றப் பழையவரின் ஒப்புதலோ நீதிமன்றத்தின் அனுமதியோ வேண்டும். அவர் ஒப்புதல் தராவிட்டால் புது வழக்கறிஞர் மனுப்போட்டு அனுமதி வாங்கிவிடலாம்.

புகார் கொடுப்பதானால் மாநில பார் கவுன்சிலுக்கு. எந்தத் தேதி, எந்தப் பத்தி, அவர் சொன்ன வார்த்தை, உங்களிடம் உள்ள குறுஞ்செய்தி என்று எழுதுங்கள். வழக்கில் தோற்ற வருத்தத்தை அதில் கலக்காதீர்கள், புகாரின் பலம் குறைந்துவிடும். புகாரை ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஓர் ஆண்டுக்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். குழுவின் உத்தரவு கிடைத்த 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கும், அங்கிருந்து இன்னொரு 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு உண்டு. அந்த அபிடவிட்டில் நீங்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், புகாரை எழுத உட்காரும் முன் புது வழக்கறிஞரிடம் அதைச் சொல்லி, திருத்திய அபிடவிட்டைத் தாக்கல் செய்யுங்கள். சத்தியம் செய்தவர் நீங்கள் என்பதால் பொய்ச்சாட்சிப் பிரிவு முதலில் உங்களைத்தான் தேடி வரும்.